மாந்தோப்பில் கிடைத்த கல் கல்மரமா? மரம் எப்படிக் கல்லாகிறது?

இந்தக் கேள்வியை எழுதிக் கேட்டவருக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி கட்ட ஜேசிபி வைத்துக் குழி எடுத்தபோது இரண்டு வகைக் கற்கள் வெளியே வந்திருக்கின்றன. ஒன்று, கோடரியால் பிளந்த விறகு போல, கருப்பும் வெளுப்புமாக வரி ஓடி, ஆங்காங்கே மினுக்கும் பெரிய துண்டு. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்ததாம். இன்னொன்று, விரல் தடிமனில், வெள்ளையாக, கிளைவிட்டு, நடுவில் ஓட்டையோடு, பார்த்தால் வேர் என்றே சொல்லத் தோன்றும் சிறு துண்டுகள். "இவை கல்மரமா? மரம் எப்படிக் கல்லாகும்? அதற்கு எத்தனை கோடி வருஷம் ஆகும்? நம் மாவட்டத்தில் கல்மரம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். விறகு போன்ற பெரிய கல் மரம் இல்லை. அது நம் ஊர்ப் பாறையேதான். வேர் போன்ற வெள்ளைத் துண்டுகளுக்கும் வேருக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. ஆனால் அவை கோடிக்கணக்கான வருஷப் பழையவை இல்லை. கல்மரம் என்று புவியியலில் சொல்வது வேறு வழியில் உருவாவது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைக்குள் அது இருக்க வழியே இல்லை.

ஏன் வழியில்லை என்பதிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். நம் காலடியில் இருக்கிற நைஸ் என்ற வரியோடிய பாறையும், கிரானைட், சார்னோகைட் பாறைகளும் பெரும்பாலும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் உருவானவை. பூமியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருகியும் உருமாறியும் இறுகியவை. அந்தக் காலத்தில் நிலத்தில் ஒரு புல்கூடக் கிடையாது. கடலில் நுண்ணுயிர்கள் மட்டும்தான். செடிகள் நிலத்தில் கால் வைத்தது ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மரம் என்று சொல்லத்தக்க உயரமும் தண்டும் உள்ளவை வந்தது சுமார் 39 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஆக, கிருஷ்ணகிரிப் பாறை இறுகி 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகுதான் உலகில் முதல் மரமே முளைத்தது. அந்தப் பாறைக்குள் மரம் எங்கிருந்து வரும்?

சரி, பாறைக்குள் இல்லை, ஆறு எங்கிருந்தாவது உருட்டிக்கொண்டு வந்து மண்ணில் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது. அது வரும் வழி முழுக்க நம்முடையதைப் போன்ற பழம்பாறைதான். காவிரி குடகிலிருந்து ஒகேனக்கல் வரை கடந்து வருவதும் அதே மாதிரிப் பாறைகளைத்தான். கல்மரம் கிடைக்கும், மணலும் சேறும் படிந்து இறுகிய படிவுப்பாறை இந்த ஆறுகளின் மேல்பக்கத்தில் இல்லாததால், அவை உருட்டி வரவும் வாய்ப்பில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, மனிதர் கையால் வருவது. கல்மரப் பூங்கா இருக்கும் திருவக்கரைக்குப் போய்விட்டு வந்த யாராவது ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, அது பிறகு தோட்டத்தில் விழுந்திருக்கலாம். குழிக்குள்ளிருந்து வந்த உங்கள் கல்லுக்கு அது பொருந்தாது.

அப்படியென்றால் அந்த வரிகள் எப்படி வந்தன? பாறை ஆழத்தில் சூடேறிக் குழைந்து நசுங்கும்போது அதிலுள்ள கனிமங்கள் பிரிந்து அடுக்கடுக்காக அமைந்துவிடும். கருப்பு வரி ஹார்ன்பிளெண்டும் பயோட்டைட் என்ற கரு அப்பிரகமும். வெள்ளை வரி ஃபெல்ஸ்பாரும், நாம் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸும். நம் பக்கத்திலிருந்து 'பாரடைசோ' என்ற பெயரில் ஏற்றுமதியாகும் கிரானைட்டைப் பாலிஷ் போட்ட பிறகு பார்த்திருப்பீர்கள். அலை அலையாக ஓடும் அந்த வரிகள் தேக்குப் பலகையின் வரியோடு போட்டி போடும். இப்படி வரியோடிய பாறை வெயிலிலும் மழையிலும் உக்கும்போது அந்த அடுக்கின் வழியாகவே பிளக்கும். பிளந்த துண்டு விறகு மாதிரி நீள்வாக்கில் வரும். மண்ணுக்கடியில் இரும்புக்கறை வேறு ஏறி நிறமும் மரநிறமாகிவிட்டால், பழக்கமில்லாத கண்ணுக்கு அது மரம்தான்.

இனி மரம் எப்படிக் கல்லாகிறது என்பதைப் பார்ப்போம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

காட்டில் விழும் மரம் சாதாரணமாக என்ன ஆகும்? பூஞ்சை பிடிக்கும், கரையான் அரிக்கும், பாக்டீரியா தின்னும். நம் தட்பவெப்பத்தில் சில ஆண்டுகளில் மண்ணோடு மண்ணாகிவிடும். கல்லாக வேண்டுமென்றால் முதலில் இந்தக் கூட்டத்திடமிருந்து மரம் தப்ப வேண்டும். அதற்கு ஒரே வழி, விழுந்த கொஞ்ச காலத்திலேயே ஆழமாகப் புதைந்து போவது. பெருவெள்ளம் கொண்டுவந்த மணல் மூடலாம், எரிமலைச் சாம்பல் மூடலாம், கடலடிச் சேறு மூடலாம். எது மூடினாலும் அந்த இடம் தண்ணீர் ஊறியதாக, காற்று புகாததாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் பூஞ்சை வாழாது. அழுகல் நிற்காது, ஆனால் மிக மெதுவாகும். கல்மரத்துக்கு இந்த மெதுவான அழுகல் தேவையும்கூட. மரப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையக் குறைய, அதன் இடத்தைக் கனிமம் பிடித்துக்கொள்ள வேண்டுமே!

அடுத்து வேண்டியது சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர். சிலிக்கா என்பது வெங்கச்சங்கல்லின் அதே பொருள்தான், மணலில் பெரும்பகுதியும் அதுதான். கல் தண்ணீரில் கரையுமா என்று பலருக்குச் சந்தேகம் வரும். தருமபுரிக்காரர்களுக்கு அந்தச் சந்தேகமே வரக்கூடாது. நம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு எங்கிருந்து வந்தது? பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து கரைந்து வந்ததுதான். இரண்டு தலைமுறைப் பிள்ளைகளின் பல்லில் கறை ஏற்றி, பெரியவர்களின் எலும்பையும் மூட்டையும் வதைத்த பிறகு, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பாறை கரைந்து தண்ணீரில் வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சிலிக்காவும் அப்படித்தான் வருகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது ஃபெல்ஸ்பாரைத் தாக்கும்போது, ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறி, மிச்சமான சிலிக்காவைத் தண்ணீரில் விடுகிறது. அளவு மிகக் குறைவுதான், ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் முதல் சில பத்து மில்லிகிராம் வரை. எரிமலைச் சாம்பல் இருக்கும் இடத்தில் இன்னும் தாராளமாகக் கிடைக்கும், ஏனென்றால் சாம்பலிலுள்ள கண்ணாடித் துகள் சீக்கிரம் கரையும்.

இந்தத் தண்ணீர் புதைந்த மரத்துக்குள் நுழைகிறது. ஒரு மரத்துண்டை நெருக்கமாகக் கட்டி வைத்த மூங்கில் குழாய்க் கட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய குழாய்கள்தான் இப்போது சிலிக்கா நீருக்கு வழிவிடுகின்றன. குழாயின் சுவர் செல்லுலோஸ், லிக்னின் என்ற பொருள்களால் ஆனது. நீரில் கரைந்த சிலிசிக் அமிலத்துக்கு இந்தச் சுவர்மேல் ஒட்டிக்கொள்ளும் இயல்பு உண்டு. செல்லுலோஸில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளில் அது வேதியியல் முறையில் பற்றிக்கொள்கிறது. ஒரு மூலக்கூறு ஒட்டினால் அதன்மேல் இன்னொன்று. இப்படிச் சுவர் முழுக்க ஓபல் என்ற சிலிக்கா வகை மிக மெல்லிய பூச்சாகப் படிகிறது. சுவரின் ஒவ்வொரு துளையும் மடிப்பும் அந்தப் பூச்சில் அப்படியே பதிவாகிவிடுகின்றன. பிறகு குழாயின் உள்ளும் நிரம்புகிறது. சுவரிலுள்ள செல்லுலோஸ் முதலில் அழியும். லிக்னின் பிடிவாதக்காரப் பொருள், கடைசிவரை நிற்கும். அது விட்ட இடத்தையும் சிலிக்கா பிடித்துக்கொள்ளும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்க விரும்புகிறேன். "மரத்தின் ஒவ்வொரு அணுவும் வெளியேறி, அதே இடத்தில் ஒரு கல் அணு உட்கார்ந்தது" என்று பள்ளிப் பாடங்களில்கூட எளிமையாகச் சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு நேர்த்தியான மாற்றல் எதுவும் நடப்பதில்லை. முதலில் நடப்பது நிரப்புதல், கூடவே மெதுவாக நடப்பது ஈடுசெய்தல். பல கல்மரங்களில் இன்றும் மரத்தின் பழைய கரிமப் பொருள் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. மரம் கல்லாக மாறியது என்பதைவிட, கல் மரத்தின் வடிவை ஏற்றது என்பது நடந்ததற்கு நெருக்கமான பேச்சு.

முதலில் படியும் ஓபலில் தண்ணீர் கலந்திருக்கும், அதற்கு ஒழுங்கான படிக அமைப்பு கிடையாது. காலம் போகப்போக அது தண்ணீரை இழந்து, அணுக்கள் வரிசைப்பட்டு, கால்சிடனி என்ற நுண்படிகக் கல்லாகவும் குவார்ட்ஸாகவும் மாறும். அதனால்தான் பழைய கல்மரங்கள் அவ்வளவு கடினம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7. கத்தியால் கீறினால் கத்திதான் தேயும். தண்ணீரைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் கனம், ஒரு கன அடி சுமார் 75 கிலோ நிற்கும். நிறமெல்லாம் சிலிக்காவின் நிறமில்லை, கூட வந்த அசுத்தங்களின் நிறம். சிவப்பு, மஞ்சள், பழுப்பு எல்லாம் இரும்பு. கருப்புக்கு மாங்கனீசோ மிஞ்சிய கரியோ காரணம். அபூர்வமாகப் பச்சை வந்தால் குரோமியமோ செம்போ இருக்கும்.

இதை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து முதலில் எழுதியவர்களில் ஒருவர் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் ஹூக். 1665இலேயே அவர் கல்லான மரத்துண்டில் மரத்துக்குரிய நுண்துளைகளைக் கண்டு, கல்துகள் கலந்த நீரில் மரம் ஊறி இப்படி ஆகியிருக்க வேண்டும் என்று சொன்னார். கற்கள் பூமிக்குள் தாமாகவே மரவடிவம் எடுத்து வளர்கின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கைக்கு எதிராகக் கண்ணால் கண்டதை மட்டும் வைத்து அவர் வந்த முடிவு, 350 ஆண்டுகளுக்குப் பிறகும் சாரத்தில் சரியாகவே நிற்கிறது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

அடுத்து, எத்தனை கோடி வருஷம் ஆகும் என்ற கேள்வி. இதில்தான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள். கல்மரத்தின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். ஆனால் அது கல்லாவதற்கு அவ்வளவு காலம் எடுத்தது என்று பொருளில்லை. ஜப்பானில் தத்தேயாமா எரிமலைப் பகுதியில் சிலிக்கா நிறைந்த வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. அதில் ஆல்டர் மரத்துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். ஏழே ஆண்டுகளில் எடையில் 40 விழுக்காட்டுக்கு நெருக்கமாகச் சிலிக்கா ஏறிவிட்டது. 2004இல் வெளியான ஆய்வு இது. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர் பரவிய இடங்களில் பட்டுப்போய் நிற்கும் பைன் மரங்களின் அடிப்பாகம் வெள்ளையாக இருக்கும், வேர்வழி உறிஞ்சிய சிலிக்கா அங்கே படிந்ததால். 2005இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் மரத்தை அமிலத்தில் ஊறவைத்து, சிலிக்காக் கரைசலில் நனைத்து, ஆர்கான் வாயுவில் 1400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சில நாட்களிலேயே மரவடிவப் பீங்கானை எடுத்தார்கள். அது இயற்கைக் கல்மரம் இல்லை, ஆனால் மரத்தின் அமைப்பை அப்படியே கனிமத்தில் பிரதி எடுக்க முடியும் என்பதைக் காட்டியது. சாதாரண நிலத்தடி நீரில், குறைந்த சிலிக்காவில், இது பல ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கலாம். ஓபல் முழுக்கக் குவார்ட்ஸாவதற்குத்தான் லட்சங்களும் கோடிகளும் வேண்டும்.

நம் மாநிலத்தில் இதையெல்லாம் நேரில் பார்க்க இரண்டு நல்ல இடங்கள் இருக்கின்றன. இரண்டும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியக் கல்மரப் பூங்காக்கள்.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைதான் நமக்கு வசதி. அங்கே சுமார் 2 கோடி ஆண்டு வயதுள்ள அடிமரங்கள், கடலூர் மணற்கல் என்ற படிவுக்குள்ளிருந்து வெளிப்பட்டுக் கிடக்கின்றன. 1781இலேயே பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொனேரா இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் நீளம் வரை மரங்கள் உண்டு. பூக்கும் மர வகைகள் அதிகம், புளிய மரக் குடும்பத்தைச் சேர்ந்தவைகூட அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. போனால் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு மரம் கிடக்கிறது, ஒன்றிலாவது கிளையோ இலையோ வேரோ பார்க்க முடியாது. நின்ற இடத்திலேயே கல்லான காடு என்றால் அடிவேரோடு நிற்க வேண்டாமா? வெறும் அடிமரங்கள் மட்டும் படுத்துக் கிடப்பதை வைத்துத்தான், எங்கோ வளர்ந்த மரங்களைப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டுவந்து, வழியில் கிளையும் வேரும் ஒடிந்து, இங்கே மணலில் புதைத்தது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் நம் பக்கத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பு தெரியும். கடலோரத்து அந்தப் படிவுகளெல்லாம் மேற்கே உயரமாக நிற்கும் பழம்பாறை நிலம் அரித்து வந்தவை. மேற்கிலுள்ள கிரானைட்டும் நைஸும் உக்கி, அவற்றின் குவார்ட்ஸும் உக்காத ஃபெல்ஸ்பாரும் மணலாகக் கிழக்கே போயின. போன இடத்திலும் ஃபெல்ஸ்பார் தொடர்ந்து சிதைந்து சிலிக்காவைத் தண்ணீருக்குக் கொடுத்தது. அதாவது, நம் பாறையில் கல்மரம் இருக்க முடியாது, ஆனால் கல்மரத்துக்கு வேண்டிய கல் நம்முடையதைப் போன்ற பாறைகள் கரைந்துதான் கிடைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்மரம் இல்லையே என்று குறைபட்டுக்கொள்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

திருவக்கரையிலிருந்து அதிக தூரமில்லாத நெய்வேலியையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் பழங்காலத்து மரம்தான் புதைந்தது, அங்கேயும் மேலே கிடப்பது அதே கடலூர் மணற்கல்தான். ஆனால் அங்கே மரம் கல்லாகவில்லை, பழுப்பு நிலக்கரியானது. சதுப்பு நிலத்தில் மரமும் இலையும் கனமான அடுக்காகக் குவிந்து, காற்றில்லாமல் அழுந்தி, தன் கரியைத் தானே வைத்துக்கொண்டது. திருவக்கரையில் தனித்தனி மரங்கள் தண்ணீர் தாராளமாக ஓடும் மணலில் சிக்கியதால், சிலிக்கா உள்ளே நுழைந்தது. ஒன்றிலிருந்து நமக்கு மின்சாரம், இன்னொன்றிலிருந்து பழங்காலத்துக் காட்டின் மர வகைப் பட்டியல். புதைந்த மரத்தின் கதி அது புதைந்த இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இந்த இரண்டு ஊர்களும் போதும்.

இன்னொரு இடம் சாத்தனூர். நம் பக்கத்தில் சாத்தனூர் என்றவுடன் தென்பெண்ணை மேலுள்ள அணைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். கல்மரம் இருப்பது அந்தச் சாத்தனூர் இல்லை, பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமம். அணைக்குப் போய்க் கல்மரம் எங்கே என்று கேட்டு அலைய வேண்டாம். அங்கே கிடப்பது 18 மீட்டர் நீள ஒற்றை அடிமரம். கிரெட்டேசியஸ் காலத்தது, டைனோசர்கள் உலவிய காலம். 12 கோடி ஆண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். 1940இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி அறிவித்தார், பின்னாளில் அந்தத் துறையின் முதல் இந்திய இயக்குநரும் அவரே. அப்போது பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் கடல் இருந்தது. கரையிலிருந்து மிதந்து போன மரம் நீர் ஊறி மூழ்கிக் கடலடிச் சேற்றில் புதைந்தது. திருவக்கரையை மூடியது ஆற்று மணல், சாத்தனூரை மூடியது கடல் சேறு. வழி வேறு, முடிவு ஒன்றே.

வெளியூர்களைப் பற்றி நிறையச் சொல்ல இங்கே இடமில்லை. ராஜஸ்தானில் ஜெய்சால்மர் பக்கம் அகல், மத்தியப் பிரதேசத்தில் டிண்டோரி மாவட்டத்துக் குகுவா, இரண்டும் பார்க்க வேண்டியவை. அமெரிக்காவின் அரிசோனாவில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரங்கள் ஒரு பெரிய தேசியப் பூங்கா முழுக்கக் கிடக்கின்றன. அவை ரம்பம் வைத்து அறுத்த மாதிரித் துண்டு துண்டாக இருக்கும். யாரும் அறுக்கவில்லை. குவார்ட்ஸ் கடினமானது, ஆனால் வளையாது. நிலம் மேலெழும்பி அசைந்தபோது கல்லான மரம் குறுக்கே பளிச்சென்று முறிந்ததுதான் அது. உலகிலேயே நீளமான கல்மரம் தாய்லாந்தின் தாக் மாகாணத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட 70 மீட்டர்.

இப்போது உங்கள் வெள்ளைத் துண்டுகளுக்கு வருகிறேன். எனக்கு அந்தப் பெரிய கல்லைவிட இவைதான் பிடித்திருக்கின்றன. இது நம் ஊரில் சுக்கான் கல் என்று சொல்லும் சுண்ணாம்புப் படிவின் ஒரு வகை. நம் பகுதியில் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர், அதுவும் சில மாதங்களில்தான், மற்ற மாதங்களெல்லாம் வறட்சி. பாறையிலிருந்து கரைந்த கால்சியம் மண்ணில் தேங்குகிறது. வேர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, வேரைச் சுற்றியுள்ள மண்ணில் சுண்ணாம்பு அடர்ந்து, கடைசியில் வேர்மேல் ஓடு போலப் படிகிறது. பிறகு வேர் மட்கிவிடும். ஓடு நிற்கும். நடுவிலிருக்கும் ஓட்டை வேர் இருந்த இடம். இதில் வேரின் வெளிவடிவம் மட்டும்தான் இருக்கும், உள்ளே செல் அமைப்பு எதுவும் பதிந்திருக்காது. அதனால் இதைக் கல்மரம் என்று சொல்வதில்லை. ஆனாலும் செடியும் தண்ணீரும் கரைந்த பாறையும் சேர்ந்து கல் செய்யும் வேலை உங்கள் தோட்டத்து மண்ணிலேயே நடந்திருக்கிறது. குழியின் சுவரில் இந்தத் துண்டுகள் நின்றவாக்கில் இன்னும் தெரிந்தால், எந்த ஆழத்தில், எந்த நிற மண்ணில் இருக்கின்றன என்று குறித்துப் படம் எடுத்து வையுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். புத்தகத்துப் படத்தைவிட அது நன்றாகப் புரியவைக்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. வெள்ளைத் துண்டைக் கொஞ்சம் பொடியாக்கி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. சிலிக்காவில் நுரை வராது. பெரிய கல்லுக்கு கனத்தையும் கடினத்தையும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நைஸும் கல்மரமும் அந்த இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வரி இருக்கிறதா என்பதும் சோதனை இல்லை. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையமே தெளிவாக இருக்காது, நைஸிலோ வரி கண்ணைப் பறிக்கும். பார்க்க வேண்டியது குறுக்குவெட்டு முகம். அதை ஈரமாக்கி, பத்து மடங்கு காட்டும் லென்ஸில் பாருங்கள். மரமாக இருந்தால் ஊசி குத்தியது போலத் துளைகள் பரவியிருக்கும், நடுவிலிருந்து வெளியே மெல்லிய கோடுகள் ஓடும். ஊசியிலை மரமானால் பெரிய துளை இருக்காது, நுண்ணிய கட்டங்கள் வரிசை வரிசையாக இருக்கும். நீள்முகத்தில் இதே அமைப்பு வேறு தோற்றத்தில், நீண்ட இழைகளாகத் தெரியும். மரத்தின் மூன்று முகமும் மூன்று விதம். நைஸில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றோடொன்று கோத்த மணிகள்தான் தெரியும், நடுநடுவே அப்பிரகம் மினுக்கும். உங்கள் கல்லில் மினுக்கம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் படம் பார்க்காமலே துணிந்து சொன்னேன்.

ஒரு வேண்டுகோள் உண்டு. கல்மரம் என்று சொல்லி யாராவது பாலிஷ் போட்ட துண்டை விற்க வந்தால் வாங்க வேண்டாம். போலியாக இருந்தால் உங்கள் பணம் போச்சு. நிஜமாக இருந்தால் ஏதோ ஓர் இடத்திலிருந்து ஒரு மரம் குறைந்து போச்சு. 2 கோடி ஆண்டு தாங்கியதை ஒரு சின்னச் சுத்தியல் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடும். பூங்காவிலிருந்து சிறு சில்லைக்கூட எடுக்கக்கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்கக்கூடாது. மரத்தின் வகையைக் கண்டுபிடிக்க ஆய்வாளருக்கு வேண்டியது அந்தச் சில்லிலிருக்கும் செல்கள்தான்.

போவதாக இருந்தால், கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் சாலையைப் பிடியுங்கள். அங்கிருந்து மயிலம் பக்கம் திரும்பினால் திருவக்கரை. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். ஊரிலேயே பழைய சந்திரமௌலீஸ்வரர் கோயிலும் வக்கிரகாளியம்மன் சன்னதியும் இருப்பதால் வீட்டுப் பெரியவர்களும் கூட வருவார்கள். வெயில் கடுமையாக இருக்கும் பகுதி, ஆகவே மார்கழி, தை மாதம் நல்லது. லென்ஸை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கட்டும். அனுமதி கேட்டு மரத்தின் முறிந்த முகத்தில் கொஞ்சம் தெளித்துவிட்டுப் பார்த்தால் துளைகள் தெளிவாகத் தெரியும். உங்கள் தோட்டத்துக் கல்லிலிருந்து ஒரு சிறு துண்டையும் கூடவே எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே நுழையும்போதே அதைக் காவலரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள், வெளியே வரும்போது கேள்வி வராது.